ஈச்சிலம்பற்றில் எடுத்த இரத்தம்

திருகோணமலையில் இறங்கிய அன்று எனக்கு முதலில் தேவைப்பட்டது ஐஸ். ஊர் பார்க்க வந்தவன் கோணேசர் கோயிலுக்குப் போவான், துறைமுகத்தைப் பார்த்து வாய் பிளப்பான். நான் மீன் வாடைக்கு நடுவே ஒரு ஐஸ் தொழிற்சாலையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து கைக்குழந்தையைப் போலச் சுமந்து வந்த பெட்டி, கொழும்பைத் தாண்டுவதற்குள் தன் குளிரையெல்லாம் விட்டுவிட்டிருந்தது.

"என்ன மீன் சேர்?" என்று ஐஸ் உடைப்பவர் கேட்டார்.

"மீன் இல்லீங்க, ரத்தம்."

அவர் கையிலிருந்த கம்பி அப்படியே நின்றது. "ஆரின்ர ரத்தம்?"

"இனிமேதான் எடுக்கணும்" என்றேன். என்மேல் அவருக்கிருந்த கொஞ்ச நஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அவர் வீதியில் நின்ற இராணுவக்காரர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நல்லவேளையாக என்னோடு வந்திருந்த டொக்டர் கௌரி குறுக்கே புகுந்து, "ஆசுபத்திரி அலுவல் அண்ணை. இவர் இந்தியாவிலை இருந்து வந்தவர்" என்றார். இந்தியா என்றதும் எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையாட்டி, பெரிய கட்டியாக ஒன்றை உடைத்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்.

கௌரி இந்தப் பக்கத்தில் மனநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். சென்னையில் ஒரு கருத்தரங்கில் பழக்கம். நான் மருத்துவன் அல்ல; உயிர்வேதியியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவன். இந்த வித்தியாசத்தை இலங்கையில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை. பாலையூற்றில் கௌரியின் வீட்டில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரர் வந்து முழங்காலை நீட்டிவிட்டார்.

நான் தேடிப் போனது மனச்சிதைவு நோய்க்காரர்களின் இரத்தம். இல்லாத குரல்கள் காதில் கேட்கும் இந்த நோயில், மூளையின் டோபமின் என்ற இரசாயனம் இடம் மாறிக் கூடுகிறது என்று நினைக்கிறோம். நினைக்கிறோம் என்றுதான் சொல்ல முடியும். உயிரோடிருப்பவனின் மண்டையைத் திறந்து பார்க்க முடியாதே. ஆனால் டோபமின் உடைந்தபின் மிஞ்சும் கழிவு இரத்தத்தில் வந்து சேரும். அதை அளந்து மூளைக்குள் என்ன நடக்கிறதென்று ஊகிப்பதுதான் என் வேலை. ஒரு வீட்டின் சாக்கடையைப் பார்த்துவிட்டு அடுப்பில் இன்று என்ன கொதிக்கிறது என்று சொல்வது போன்றது.

இதற்கு மருந்தே தொடாத நோயாளிகள் வேண்டும். மருந்து உள்ளே போனால் கணக்கு மாறிவிடும். மதுரையில் அப்படிப்பட்டவர்கள் எங்கள் கைக்கு வருவதே அபூர்வம். அப்போதுதான் கௌரி எழுதினார்: போர் நிறுத்தம் என்று பேருக்கு ஒன்று இருக்கிறது, ஈச்சிலம்பற்றுப் பக்கம் மாதக்கணக்கில் மாத்திரை போகவில்லை, வந்தால் இரத்தம் எடுக்கலாம் என்று. எடுத்த கையோடு போட ஊசிகளும் கொண்டு வாருங்கள் என்று கேட்டிருந்தார். ஒரு தடவை போட்டால் ஒரு மாதம் உடம்பில் தங்கி வேலை செய்யும் ஊசிகள் அவை. கொண்டுவந்திருந்தேன். மருந்து கிடைக்காத ஊர் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டைக் கௌரியின் கணவர்தான் சமைத்தார். வங்கியில் வேலை. குசினிக்குள் மனைவியை விடுவதில்லையாம். பிட்டு, பாரை மீன் குழம்பு, சொதி. எங்கள் ஊரில் மீன் குழம்பைப் புளியில் மூழ்கடித்துவிடுவோம். இவர்கள் தேங்காய்ப்பாலில் மெல்ல நீந்த விடுகிறார்கள். எல்லாம் சரி, காபி மட்டும் இல்லை. தேத்தண்ணி, தேத்தண்ணி, மறுபடியும் தேத்தண்ணி. சாப்பிட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தால், ஆளில்லாத வீதியில் புள்ளிமான்கள் இரண்டு சாவகாசமாக நடந்து போயின. அவற்றிடம் மட்டும் ஒருவரும் அடையாள அட்டை கேட்பதில்லை என்றார் அவர்.

மறுநாள் காலை மூதூருக்கு லோஞ்ச். கொட்டியாரக்குடாவைக் குறுக்கே வெட்டிப் போகும் அந்தப் படகில் ஆட்களும் சைக்கிள்களும் ஒரு குளிர்பதனப் பெட்டியும் கோழிகளும் ஏறினோம். கடற்படைப் படகொன்று பக்கத்தில் சீறிப் போனதில் லோஞ்ச் ஆடியது. விளிம்பைப் பிடித்துக் கொண்டு நான் பிட்டைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு முஸ்லிம் பெரியவர் என் பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். "இதுக்க என்ன தம்பி, இப்புடிக் கட்டிப் புடிக்கிறீங்க?" என்றார். இம்முறை நான் மீன் என்று சொல்லிவிட்டேன்.

மூதூர் இறங்குதுறையில் கௌரி எனக்கு எருமைத் தயிர் வாங்கிக் கொடுத்தார். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். சர்க்கரை தூவி அதை முடித்தபோது மறுபடி மனுஷனானேன். அங்கிருந்து வான். வயல், பாலம், பனை, மறுபடி வயல். பிறகு சோதனைச் சாவடி.

சிப்பாய் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது என் சென்ட்ரிஃப்யூஜ். இரத்தக் குழாயை வைத்துக் கையால் வேகமாகச் சுற்றினால் சிவப்பணு கீழே தங்கி, மஞ்சள் நீர் மேலே தெளியும் சின்ன யந்திரம். மின்சாரத்தை நம்ப முடியாது என்பதால் கைப்பிடி வைத்ததைக் கொண்டுவந்திருந்தேன். பக்கவாட்டில் கைப்பிடி, நான்கு உலோகக் குழல்கள். அவன் இரண்டடி பின்னால் போனான். நானே சுற்றிக் காட்டினேன். பயம் தெளிந்ததும் அவனும் சுற்றினான், பிறகு அவன் நண்பனும் சுற்றினான். முட்டை அடிக்கலாமா என்று சிங்களத்தில் கேட்டதாகக் கௌரி எனக்குச் சொன்னார்.

அடுத்து ஊசிகள். சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்துக்கு மருந்து கொண்டுபோகக் கூடாது என்றான். அதிகாரி வந்தார், ஓரளவு தமிழ் பேசினார். நான் என் ஆய்வை முழுமூச்சாக விளக்கினேன்: இரத்தம் எடுக்க வேண்டும், எடுத்ததும் ஊசி போட வேண்டும், இரண்டும் சேர்ந்ததுதான் ஆய்வு, அனுமதி இருக்கிறது. அரை மணி நேரம் டோபமினைப் பற்றிக் கேட்ட மனிதர் யாராக இருந்தாலும் போகச் சொல்லிவிடுவார்; அவரும் சொன்னார். வாயாடியான கௌரி அவ்வளவு நேரமும் வாயே திறக்கவில்லை. எல்லை தாண்டியதும் இயக்கத்தின் சாவடியில் அதே கேள்விகளைத் தமிழில் கேட்டார்கள்.

ஈச்சிலம்பற்றில் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை கிடைத்தது. மாலையில் நோயாளிகளின் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், பெரும்பாலும் மனைவிகளும் அம்மாக்களும். கதிரையை எனக்குப் போட்டுவிட்டு அவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள்.

"காலைல ரத்தம் எடுக்கிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக் கூடாதுங்க" என்றேன். "டீ, காபி எதுவும் வேணாம்."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "விரதம் மாதிரியோ ஐயா?"

"ஆமாங்க, விரதம்னே வச்சுக்கங்க" என்றேன். எல்லாரும் ஒரே குரலில் "ஓம், விளங்குது" என்றார்கள். ஒரு விஷயத்தை இவ்வளவு சுலபமாகப் புரிந்துகொள்ளும் ஜனங்களை நான் பார்த்ததில்லை என்று கௌரியிடம் மெச்சிக்கொண்டேன்.

கேள்வி கேட்டவள் பெயர் பூமணி. மற்றவர்கள் போனபின்னும் நின்றாள். அவள் கணவன் தவராசா உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவன். இப்போது அவனுக்கு இராணுவத்தின் வயர்லெஸில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது. கூப்பிட்டால் போகத்தானே வேண்டும்? வயலுக்கு அப்பால் எல்லையில் இருக்கிறது இராணுவத்தின் காவலரண், சென்றி என்கிறார்கள். அதை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

"ரெண்டு முறை போயிட்டார் ஐயா. ஒருக்கா நான் ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்தனான். மற்ற முறை அவங்கள் வானத்தைப் பாத்துச் சுட்டவங்கள். இவர் கையைத் தூக்கிக்கொண்டு, வந்திட்டன் வந்திட்டன் எண்டு கத்தினவராம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த முறை வானத்துக்குச் சுடமாட்டம் எண்டு சொல்லிவிட்டவங்கள். இப்ப நான் வேலைக்கும் போறேல்லை. இவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான் வேலை. எவ்வளவு நேரம் ஒராள் கண் மூடாமல் இருக்க ஏலும்?"

நாளைக்கு ஊசி போட்டால் குரல்கள் மெல்ல மெல்ல அடங்கும், பகலில் நீங்கள் தூங்கலாம் என்று கௌரி சொன்னார். பூமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

காலையில் உழவு இயந்திரத்தின் பெட்டியில் எல்லாரும் வந்து இறங்கினார்கள். குளித்து, திருநீறு பூசி, சந்தனம் வைத்து, சில பெண்கள் தலையில் பூவோடு. வழியில் முருகன் கோயிலில் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரத்தம் கொடுக்க வருபவர்களில் இவ்வளவு களையான கூட்டத்தை எங்கே பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊசியை எடுத்தேன்.

நான் சுற்றச் சுற்ற மஞ்சள் நீர் தெளிந்து மேலே வந்தது. குழாய்களை ஐஸுக்குள் புதைத்தேன். தவராசா கடைசியாக உட்கார்ந்தான். கழுத்தைச் சாய்த்து எதையோ கேட்டபடி, ஆனால் சாதுவாகக் கையை நீட்டினான்.

"ஐயா, இந்த ரத்தத்திலை அவங்கள் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குமோ?"

"கேட்காதுங்க."

"அப்ப ஏன் எடுக்கிறியள்?"

நான் சாக்கடைக் கதையைச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். மதுரையில் என் மாணவர்கள்கூட அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கையில் பஞ்சை வைத்துக் கட்டியபோது, "பசிக்குதா? இப்ப சாப்பிடலாம்" என்றேன்.

"பசி இல்லை ஐயா. கோயில்லை பாலும் பழமும் தந்தவை. பால் நல்லாயிருந்தது. பழந்தான் கொஞ்சம் காய்."

நான் பூமணியைப் பார்த்தேன். "என்ன பழம்?"

"கதலிப்பழம் ஐயா. எல்லாரும் ரெண்டு ரெண்டு சாப்பிட்டனாங்கள். விரதத்துக்கு வேறை என்னத்தைச் சாப்பிடுறது?" அவள் சந்தோஷமாகவே சொன்னாள். "சோறு தொடேல்லை. ஒரு பருக்கைகூட வாயிலை வைக்கேல்லை."

வாழைப்பழத்தில் டோபமின் மண்டிக் கிடக்கிறது. அது மூளைக்குள் ஏறாது; ஆனால் உடம்பில் உடைந்து, நான் அளக்க வந்த அதே கழிவாக இரத்தத்தில் கலந்துவிடும். உலகத்திலுள்ள அத்தனை உணவிலும் இந்தப் பரிசோதனைக்கு முன் தொடவே கூடாதது ஒன்று உண்டென்றால் அது வாழைப்பழம். ஐஸுக்குள் இருந்த அத்தனை குழாயிலும் இருந்தது கதலி. மூளையைத் தேடிக் கடல் தாண்டி வந்தவன் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அளந்திருக்கிறேன்.

இலண்டன்காரன் ஒருவன் இந்தத் தவறைச் செய்தால் மன்னிக்கலாம். என் மனைவி சஷ்டிக்குச் சஷ்டி பாலும் இரண்டு பழமும் சாப்பிட்டுவிட்டு, "காலையிலிருந்து பட்டினி" என்பாள். நானும் ஐயோ பாவம் என்று சொல்லியிருக்கிறேன். பாலும் பழமும் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை என்பது தெரிந்த மனிதன், விரதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறான். யார்மேல் கோபப்படுவது? கிடைத்த ஆள் கௌரிதான். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க டாக்டர். போட வேணாம். எல்லாம் கெட்டுப்போச்சு" என்று கத்தினேன். "இன்னைக்கு ராத்திரி இவங்க இங்கேயே தங்கட்டும். நாளைக்குக் காலைல வெறும் வயித்துல மறுபடி எடுத்துடுவோம். அதுக்கப்புறம் ஊசி. ஒரே ஒரு நாள்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயத்தைக் கௌரி எளிமையாக விளக்கினார். பூமணியின் முகம் செத்துப்போனது. "நாங்கள் பிழை விட்டிட்டம் ஐயா. கோவியாதேங்கோ" என்றாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். "நாளைக்கே போடுங்கோ. நாங்கள் இஞ்சையே படுக்கிறம். தண்ணிகூடக் குடிக்கமாட்டம். இவ்வளவு தூரம் வந்தனீங்கள், உங்கட அலுவல் கெடக் கூடாது." நேற்று ஓராள் எவ்வளவு நேரம் கண் மூடாமல் இருக்க ஏலும் என்று கேட்டவள், எனக்காக இன்னொரு இரவு விழித்திருக்கத் தயாராக நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குழாய்களும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன.

கௌரி என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"நாளைக்கு என்ன நடக்கும் எண்டு இஞ்ச ஆருக்கும் தெரியாது. சாவடி பூட்டலாம். எங்களைத் திரும்பிப் போகச் சொல்லலாம். அந்த மனுசன் இண்டைக்கு இரவே எழும்பி நடக்கலாம்."

"எனக்கு ஒரே நாள்தான் வேணும் டாக்டர். இதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டீங்க?"

"இல்லை" என்றார் கௌரி. "ஊசிக்குத்தான் கூப்பிட்டனான். மருந்து எண்டு நான் தனியக் கொண்டு வந்தால் சாவடியிலை விடமாட்டினம். மூண்டு முறை கேட்டுப் பாத்திட்டன். ஆய்வு, இந்தியா, இரத்தம் எண்டால் விடுவினம் எண்டு நினைச்சன். விட்டவை. உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். சொன்னால் வருவீங்களோ எண்டு பயந்திட்டன்."

எனக்கு முதலில் வந்தது நல்ல கோபம். பத்து வருஷம் நான் கட்டிக்காத்த ஆய்வு இந்தப் பெண்ணுக்கு ஊசிப் பெட்டி மூட ஒரு துணி. சாவடியில் அரை மணி நேரம் நான் தொண்டை கிழியப் பேசியபோது இவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது இப்போது விளங்கியது. சொல்லியிருந்தால் வந்திருப்பேனா? உண்மையைச் சொன்னால், வந்திருக்க மாட்டேன்.

வகுப்பறையைப் பார்த்தேன். தவராசா சன்னலோரம் நின்று வயல் பக்கம் காதைத் திருப்பியிருந்தான். யாரோ அவனிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவன் உதடு அசைந்தது. பூமணி அவன் சட்டையின் நுனியை, அவனுக்குத் தெரியாதபடி, இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்க" என்றேன்.

"உங்கட வேலை?"

"போடுங்க டாக்டர். முதல்ல அவருக்கு."

தவராசா ஊசிக்கு முகம் சுளித்தான். அவ்வளவுதான். எதுவும் அங்கேயே மாறிவிடவில்லை; இந்த மருந்து நாள் கணக்கில் மெல்ல வேலை செய்வது. அதுவரைக்கும் கொடுக்க, ஊசிகளோடு நான் கொண்டுவந்திருந்த மாத்திரைகளையும் கௌரி பூமணியின் கையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொருவராக ஊசி வாங்கிக்கொண்டு போய் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினார்கள். பூமணி திரும்பி வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த மாதம் ஆர் ஐயா கொண்டு வருவினம்?"

நான் பெட்டியின் மூடியை இறுக்கினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு இந்த மருந்தும் உடம்பிலிருந்து போய்விடும். வயர்லெஸ் மறுபடி கூப்பிடும். ஆய்வு முடிந்துவிட்டால் பெட்டிக்குத் துணியும் இல்லை.

அன்றிரவு முழுக்க அதையே யோசித்தேன். மருந்து ஏறிய பிறகு மாதாமாதம் இரத்தம் எடுத்தால், அந்தக் கழிவு எப்படிக் குறைகிறதென்று பார்க்கலாம். தொடக்க அளவே வாழைப்பழமாகிவிட்டதால் அதற்குப் பெரிய மதிப்பு இருக்காது. ஒரு பத்திரிகையும் போடாது. என் துறைத் தலைவர் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று தோன்றியது. காலையில் கௌரியிடம் சொன்னேன். அவர், "மெய்யாவோ?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பும் வழியில் இராணுவச் சாவடியில் வேறொரு அதிகாரி இருந்தார், இவருக்கும் கொஞ்சம் தமிழ் வந்தது. பெட்டியைத் திறந்து, கரைந்த ஐஸில் மிதந்த குழாய்களைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி, ஊசிகள் எங்கே, வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

"முடியலீங்க" என்றேன். "ரத்தம் கெட்டுப்போச்சு. மாசாமாசம் எடுக்க வேண்டியிருக்கு. டாக்டரம்மா வந்து எடுப்பாங்க. எடுக்கும்போதெல்லாம் ஊசியும் போட்டாகணும்."

ஆய்வில் தோற்றுப்போனதை ஒரு ஆளிடம் இவ்வளவு உற்சாகமாகச் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. அவர் கௌரியைப் பார்த்தார். கௌரி, நல்ல ஆராய்ச்சி உதவியாளரைப் போல, கவலையாகத் தலையாட்டினார்.

"எவ்வளவு காலத்துக்கு?" என்றார் அதிகாரி.

சண்டை முடிகிற வரைக்கும் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சரியான ரத்தம் கிடைக்கிற வரைக்குங்க" என்றேன்.